பல்கீயின் கிதாபும் நம் வீட்டுச் சங்கிலியும்

முன்னோர் இயற்றிய நூலை ஒரு சமுதாயம் இருவகையில் போற்றலாம். அந்நூல் கூறியதை ஏற்று ஒழுகுதல் ஒருவகை. அதன் பெயரைக் கூறிப் பெருமிதம் கொள்ளுதல் மற்றொரு வகை. முன்னது அரிது; பின்னது எளிது. அபூ ஸைத் அல்-பல்கீ அவர்களின் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அரபு நூல் அண்மைக் காலத்தில் பெற்றுவரும் புகழைக் காணுங்கால், நாம் எளிய வழியிலேயே விரைந்து செல்கின்றோமோ என்னும் ஐயம் எழுகின்றது. மனநோயைப் பற்றி இன்றைய மருத்துவம் கண்டதெல்லாம் நம்மவர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டு முடித்தவைதாம் என்று மேடைகளிலே முழங்கப்படுகின்றது. அந்நூல் உண்மையில் எதைக் கூறுகின்றது, எதைக் கூறாது விடுகின்றது, அதனைப் பற்றிய அண்மை ஆய்வுகள் எவ்வளவு ஏற்கத்தக்கன, அந்நூலுக்கும் நம் இல்லங்களில் நடப்பதற்கும் இடையே உள்ள தொலைவு யாது என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

நூலும் ஆசிரியரும்

இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சார்ந்த பல்கு நகரை அடுத்து ஷாமிஸ்தியான் என்றொரு சிற்றூர் இருந்தது. ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில் பல்கீ அங்கே பிறந்தார். சிறுவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர் அவர். பின்னர் பக்தாத் சென்று, தத்துவப் பேரறிஞர் அல்-கிந்தீயின் மாணவராகிப் பல துறைகளையும் கற்றுத் தாயகம் திரும்பினார். நிலநூல், இறையியல், மருத்துவம், இலக்கியம் எனப் பல துறைகளிலும் நூல்கள் இயற்றி, ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்தார். அவற்றுள் பெரும்பாலானவை காலவெள்ளத்தில் அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றுள் ஒன்றே நாம் ஆராயும் இந்நூல்.

இதன் கையெழுத்துப் படிகள் இஸ்தான்புல் நகரின் அயாசோஃபியாத் தொகுப்பில் பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்தன. 1984-இல் அறிஞர் ஃபுஆத் செஸ்கின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலிருந்து அப்படியை அவ்வாறே ஒளியச்சாக வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ இந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013-இல் வெளியிட்டார். 2021-இல் மறைந்த அவ்வறிஞரின் உழைப்பே இந்நூலை உலகறியச் செய்தது எனல் மிகையாகாது.

நூலின் தலைப்பே ஆராயத்தக்கது. 'மஸாலிஹ்' என்பது 'மஸ்லஹத்' என்பதன் பன்மை. நலன்கள் என்பது பொருள். 'அப்தான்' என்பது உடல்கள். 'அன்ஃபுஸ்' என்பதோ 'நஃப்ஸ்' என்பதன் பன்மை. இதனை 'ஆன்மா' என்று தமிழாக்கினால், வழிபாட்டையும் தவத்தையும் பேசும் நூல் இது என்று வாசகர் மயங்குவர். பல்கீ இங்கே நஃப்ஸ் எனக் கூறுவது சினம், அச்சம், துயரம், எண்ணம் ஆகியவை எழுந்தடங்கும் உள்ளத்தையே ஆகும். எனவே 'உடல் உள்ள நலம்' என்பதே இத்தலைப்புக்குப் பொருந்தும் தமிழ் என்பது நம் கருத்து. நூலின் முதற்பகுதி உறைவிடம், நீர், உணவு, உறக்கம் முதலிய உடல்நலச் செய்திகளைப் பேசுகின்றது. இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பேசுகின்றது.

அந்நூல் கூறுவது யாது?

மனிதன் உடலும் உள்ளமும் பின்னிப் பிணைந்த ஒரு கூட்டு என்பதே பல்கீயின் அடிப்படை. உடல் நோயுற்றால் சிந்தனை தளர்கின்றது. உள்ளம் நோயுற்றால் உடலின் இன்பங்கள் சுவையற்றுப் போகின்றன. ஆகவே ஒன்றைப் பேணி மற்றொன்றை விட்டுவிடும் மருத்துவம் குறையுடையது என்கிறார் அவர். உடல்நோய் எப்போதாவதுதான் ஒருவரைத் தாக்குகின்றது. உள்ளத்தின் நோவோ அடிக்கடி வருகின்றது. அதிலிருந்து முற்றிலும் தப்பியவர் எவரும் இலர் என்பது அவர் கருத்து. திடீர் உடல்நோய்க்கு மருந்தை வீட்டில் முன்னரே வைத்திருப்பது போல, உள்ளம் அமைதியாக உள்ள காலத்திலேயே நல்லெண்ணங்களைத் தேடி வைத்துக்கொண்டு, கலக்கம் வரும்போது எடுத்தாள வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகின்றார். அச்சத்திற்கு அவர் காட்டும் மருந்துகளுள் ஒன்று, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்வது.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கின்றார். அன்புக்குரியவரை இழத்தல் போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் இன்னதெனத் தெரியாது வந்து கவிந்து, முயற்சியையும் மகிழ்ச்சியையும் மறிப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது இரத்தத்தில் நேரும் மாறுபாட்டால் வருவது, அதற்கு உடல்வழி மருத்துவமும் தேவை என்பது அவர் முடிபு. இரத்தத்தைப் பற்றிய அக்கால விளக்கத்தை இன்று எவரும் ஏற்கமாட்டார். ஆயினும் இம்முடிபு நம் குடும்பங்களுக்குச் சொல்லும் பாடம் எத்துணைப் பெரிது! காரணமின்றி அழுது, உண்ணாது உறங்காது வாடும் ஒரு பெண்ணை நோக்கி, "உனக்கு என்ன குறை? ஈமான் பலவீனமானதால்தான் இப்படி" என்று நம்மில் எத்தனை பேர் கூறுகின்றனர்! பல்கீ அவளது ஈமானை ஐயுறவில்லை. அவளுக்கு மருத்துவம் தேவை என்றார்.

எட்டாம் அத்தியாயம் வஸ்வாஸ் பற்றியது. ஒளுச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து, ஜமாஅத்தையும் தவறவிட்டு நிற்பவரை 'வஸ்வாஸ் பிடித்தவர்' என்று நம் வீடுகளில் கூறுவர். உடலின் தன்மையால் இது வருகின்றது என்போரும், ஷைத்தானின் தூண்டல் என்போரும் உளர் என இரு கருத்துகளையும் பல்கீ சுட்டுகின்றார். எண்ணம் வேண்டாது வருவது, விடாது வருவது, அச்சத்தோடு வருவது, செய்ய வேண்டிய பணியைத் தடுப்பது என அதன் இயல்புகளை விரித்துரைக்கின்றார். தனிமையைத் தவிர்த்தல், மக்களோடு பழகுதல், பணியில் ஈடுபடுதல், எண்ணத்தை எண்ணத்தால் எதிர்த்தல் ஆகியவை அவர் காட்டும் வழிகள்.

ஆய்வாளர் கண்டதும் மிகைப்படுத்தியதும்

மனநல மருத்துவர் ரானியா அவாத், சாரா அலி ஆகிய இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பல்கீயின் வஸ்வாஸ் அத்தியாயத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு நோய்ப் பகுப்பு ஏட்டோடு வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினர். அச்சநோய் பற்றிய அவர்களது மற்றொரு கட்டுரை 2016-இல் வெளிவந்தது. ஐரோப்பிய மருத்துவத்தில் இத்தகைய எண்ணச் சுழற்சியைத் தெளிவாக விவரித்தவர் எனப் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் (1838) கருதப்பட்டு வந்தார். பல்கீ அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முந்தியவர் என்பதை இவ்வாய்வு நிறுவிற்று. இது மெய்யான தொண்டு. அறிவின் வரலாற்றில் விடுபட்ட ஓர் ஏடு மீண்டும் சேர்க்கப்பட்டது.

எனினும் மாலிக் பத்ரீ தம் மொழிபெயர்ப்புக்கு இட்ட துணைத் தலைப்பை நாம் தயக்கத்தோடே நோக்குகின்றோம். ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் ஒருவரின் அறிதல்-நடத்தை மருத்துவம் என்னும் பொருள்பட அது அமைந்துள்ளது. அம்மருத்துவ முறை 1950-களிலும் 60-களிலும் வோல்ப், பெக் முதலிய மருத்துவர்களால் உருவாக்கப்பட்டு, பலநூறு நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டு நிலைபெற்றது. பல்கீயிடம் அதன் வித்து உண்டு. சோதனையின் முறை இல்லை. வித்தை மரமென்று கூறுவது வித்துக்குச் செய்யும் சிறப்பாகாது. ஒரு நூலுக்கு அதன் காலத்து ஆடையே அழகு. இன்றைய ஆடையை அணிவித்தால், நாளை ஆடை மாறும்போது நூலும் பழையதாகி விடும்.

இதனினும் பெரிய மிகை ஒன்று உண்டு. எல்லா மனநோய்க்கும் பல்கீயிடம் மருந்து உண்டு என்பது போன்ற பேச்சே அது. அவர் எடுத்து விரித்தவை சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கே. ஜுனூன் எனப்படும் கடும் மனச்சிதைவுக்கு அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை. இல்லாத குரல்களைக் கேட்பவர், தம்மைக் கொல்லச் சதி நடக்கின்றதென நம்பி நடுங்குபவர் ஆகியோர்க்குப் பயன்தரும் மருந்து 1952-க்குப் பின்னரே உலகுக்குக் கிடைத்தது. களியும் துயரும் மாறிமாறி வரும் நோய்க்கு லித்தியம் பயன்படும் என்பது 1949-இல்தான் வெளியாயிற்று. பல்கீயின் பெயரைச் சொல்லி இம்மருந்துகளை மறுப்பவர், மருத்துவம் தேடச் சொன்ன பல்கீயையே மறுப்பவராவர்.

மஜ்னூனுக்கு நாம் கட்டிய மூன்று அறைகள்

பல்கீயின் தனிச்சிறப்பை உணர, நம் மரபு மனநோயாளியை எங்கே வைத்திருந்தது என்பதையும் காண வேண்டும். 'மஜ்னூன்' என்னும் சொல்லின் வேர் மறைத்தலைக் குறிப்பது. கண்ணுக்கு மறைந்த ஜின், கருவறையில் மறைந்த ஜனீன், மரங்களால் மறைந்த ஜன்னத் ஆகிய சொற்கள் யாவும் அவ்வேரில் பிறந்தவை. அறிவு மறைக்கப்பட்டவனே மஜ்னூன். தமிழில் 'பைத்தியம்' என்னும் சொல்லோ பித்தத்தோடு உறவுடையது. அரபு மருத்துவர் வழங்கிய 'மாலீகூலியா' என்னும் கிரேக்கச் சொல்லும் கரும்பித்தத்தையே குறிக்கும். மருத்துவச் சொற்கள் உடலைச் சுட்ட, பேச்சு வழக்கு மறைந்திருக்கும் ஜின்னைச் சுட்டிற்று.

இம்மஜ்னூனுக்கு நம் மரபில் மூன்று அறைகள் அமைந்தன. முதலாவது ஃபிக்ஹின் அறை. சித்தம் தெளியும்வரை அவன்மீது தொழுகையும் நோன்பும் கடமையாகா. அவன் செயல் எழுதப்படாது. அவனுடைய பொருளைப் பொறுப்பாளர் காக்க வேண்டும். இது கருணையின் சட்டம். இரண்டாவது இலக்கியத்தின், ஞானத்தின் அறை. லைலாவின் மஜ்னூன் அங்கே வாழ்கின்றான். ஹிஜ்ரி 406-இல் (கி.பி. 1016) மறைந்த நீசாபூரீ, அறிவுடைப் பித்தர்களைப் பற்றித் தனி நூலே யாத்தார். தமிழில் மஸ்தான் என்னும் சொல் பெருமதிப்புக்குரியது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பெயரிலேயே அது ஒளிர்கின்றது. ஆனால் யாப்பமைதி வழுவாது ஆயிரக்கணக்கான அடிகள் பாடிய ஞானியின் மயக்கம் வேறு. தெருவில் கிழிந்த உடையோடு, உண்டதும் உண்ணாததும் அறியாது திரியும் நோயாளியின் துன்பம் வேறு. பின்னவரையும் மஸ்தான் என்றழைத்துக் கைகூப்பி நகர்ந்துவிடுவது மரியாதை போலத் தோன்றும் கைவிடலே.

மூன்றாவது மருத்துவத்தின் அறை, பீமாரிஸ்தான். திமிஷ்கில் நூருத்தீன் 1154-இல் எழுப்பியதும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பியதும், அலெப்போவில் அர்கூன் 1354-இல் எழுப்பியதும் புகழ்பெற்றவை. அங்கெல்லாம் மனநோயாளிக்கும் இடம் இருந்தது. இதனை நாம் பெருமையோடு கூறுகின்றோம், கூறவும் வேண்டும். ஆனால் 1184-இல் திமிஷ்கிற்குச் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கே அடைத்து வைக்கப்பட்ட மனநோயாளிகள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததையும் எழுதிச் சென்றார். பீமாரிஸ்தானைப் பாடுவோர் இந்த வரியை மறைப்பது நேர்மையாகாது.

இம்மூன்று அறைகளும் மஜ்னூனை மற்றவரிடமிருந்து பிரித்து வைப்பவை. பல்கீ செய்தது வேறு. உள்ளத்தின் நோயை அந்த அறைகளிலிருந்து வெளியே எடுத்து, எல்லார் வீட்டு முற்றத்திலும் வைத்தார். அது அரசனுக்கும் வரும், ஆசிரியனுக்கும் வரும், தாய்க்கும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் உலக மக்களில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநோயோடு வாழ்ந்தனர். எல்லார்க்கும் வரக்கூடியது எவர்க்கும் இழுக்காகாது. பெண் கேட்டு வருவோர் அறிந்துவிடுவரோ என அஞ்சி, மகனின் நோயை ஐந்தாண்டு மறைத்து, மருத்துவம் பலிக்கும் காலத்தை இழந்துவிடும் பெற்றோர்க்கு இந்நூல் கூறும் ஆறுதல் இதுவே. அவர்கள்மீது இது வைக்கும் குற்றச்சாட்டும் இதுவே.

ஏர்வாடி நம்மிடம் கேட்பது

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தாமாகவே இவ்வழக்கை எடுத்தது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. மாண்டோர் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். பிற சமயத்துக் குடும்பங்களும் அவ்வூரை நம்பி வந்தன. நம்பி வந்தோரைக் காக்கத் தவறியது எவ்வளவு பெரிய சுமை என்பதை நாம் உணர வேண்டும்.

ஜின்களின் இருப்பை மறுப்பவர் அல்லேம் நாம். திருமறையை ஓதுவோர் அதனை மறுக்க முடியாது. ஆனால் ஜின் உண்டு என்பதிலிருந்து, இந்நோயாளியின் நோய் ஜின்னால் வந்தது என்பது எவ்வாறு பெறப்படும்? ஓதிப் பார்ப்பது ஆறுதல் தரும்; துஆ மூமினின் உரிமை. தாயத்தும் தகடும் விற்பவர் மருந்தை நிறுத்தச் சொல்லும்போதுதான் கொடுமை தொடங்குகின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள், அல்லாஹ் நிவாரணம் அளிக்காத நோயை இறக்கவில்லை, ஆகவே மருத்துவம் செய்யுங்கள் என்னும் கருத்தில் அருளியுள்ளார்கள். உடல்நோய்க்கு மட்டும் என்று அங்கே வரையறை இல்லை.

2001-க்குப் பின் ஏர்வாடியிலேயே 'தவா-துஆ' என்னும் பெயரில், தர்காவை அடுத்து அரசு மனநல மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. வழிபாட்டைக் கைவிடாமலே மருந்தையும் பெறலாம் என்னும் இம்முறை பாராட்டுக்குரியது. எனினும் மருந்து மட்டும் சங்கிலியை அவிழ்த்துவிடாது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரு கிறித்தவப் பிரார்த்தனை முகாமில் 139 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு சாரார்க்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கப்பட்டது. மற்றவர்க்குப் பிரார்த்தனையும் முகாமின் வழக்கமான பராமரிப்பும் மட்டும். மருந்து பெற்றோரின் நோய்க்குறிகள் நன்கு குறைந்தன. ஆனால் சங்கிலியில் கழித்த நாட்களில் இரு சாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! நோய் தணிந்த பின்னும் சங்கிலி நின்றது. அது நோயின் கடுமையால் மட்டும் பூட்டப்படுவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? காப்போரின் அச்சமும் வழக்கமும் பூட்டிய பூட்டு அது; அவர்தம் உள்ளம் மாறினாலன்றித் திறவாது.

இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிப்பதை அது தடை செய்கின்றது. மனநோயாளியை உடல்நோயாளிக்கு இணையாக நடத்துமாறும் பணிக்கின்றது. உடலையும் உள்ளத்தையும் ஒரே நூலில், ஒரே தலைப்பில் இணைத்த பல்கீ கண்டால் மகிழத்தக்க சட்டம் இது. ஆயினும் பெங்களூர் தேசிய மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவம் பெறாமலே இருந்தனர் என்று காட்டிற்று.

நூலின் மீது நம் கருத்து

பல்கீயின் நூலில் குறைகளும் உள. தனக்குத் தானே அறிவுரை கூறிக்கொள்ளும் ஆற்றல் படைத்த, ஓய்வும் கல்வியும் உடைய மனிதனை நோக்கியே அது பெரும்பாலும் பேசுகின்றது. அவ்வாற்றலையே நோய் பறித்துக்கொண்டவரைப் பராமரிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அது கூறுவது குறைவு. அவ்விடத்தை நாம் திருமறையிலிருந்தும் இன்றைய மருத்துவத்திலிருந்தும் நிரப்பிக்கொள்ள வேண்டும். அன்னிஸா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம், அறிவு முதிராதோர்க்கு அவர்தம் பொருளிலிருந்து உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவான சொற்களைப் பேசுமாறு பணிக்கின்றது. உணவும் உடையும் அளிப்போர் நம்மில் பலர். கனிவான சொல்லும் அக்கட்டளையின் பகுதி என்பதை நினைவிற்கொள்வோர் சிலரே.

இந்நூல் தமிழில் வர வேண்டும். அரபியிலிருந்து நேரே வர வேண்டும். நம் மதரஸாக்களில் ஓதும் இளம் ஆலிம்கள் அதன் எட்டு அத்தியாயங்களையாவது பாடம் கேட்க வேண்டும். நாளை அவர்களிடந்தான் கலங்கிய கண்களோடு ஒரு வாப்பா தம் மகனை அழைத்து வருவார். அப்போது ஓதிவிட்டு, "இவரை மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று கூறும் துணிவு அவர்களுக்கு வர வேண்டும். 2022 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை இயங்குகின்றது. அதனை மஹல்லாவின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. ஜும்ஆ மேடையில் பல்கீயின் பெயரைச் சொல்லும் கதீபு, அதே மூச்சில் அந்த எண்ணையும் சொல்வாராயின், ஆயிரம் ஆண்டு கையெழுத்துப் படியாய்க் கிடந்த நூலுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவாகும்.